காட்டு ஹாலிஹாக் விதை முளைக்கவே இல்லை, அவசர உதவி தேவை

மலைச்சாரல்: வணக்கம். காட்டு ஹாலிஹாக் என்ற பூச்செடியை விதைத்துப் பல வாரங்கள் ஆகிவிட்டன. ஒன்றுகூடத் தலைகாட்டவில்லை. மண்ணும் ஈரமும் சரியாகவே இருக்கின்றன. விதை கெட்டதா? வெயில் ஏறுவதற்குள் நாற்றுகளைத் தரையில் நட வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

துத்திப்பூ: எந்தக் காட்டு ஹாலிஹாக்? தோட்டத்து ஹாலிஹாக் சாலையோரத்தில் தானாக வளர்ந்தாலும் அந்தப் பெயரில்தான் சொல்கிறார்கள். எந்த ஊர்? தட்டிலா, தரையிலா?

ஈரமண்: தண்ணீர் அதிகமாகியிருக்கும். "ஈரம் சரியாக இருக்கிறது" என்று எழுதுகிறவர்களின் தட்டைப் போய்ப் பார்த்தால் சேறாக இருக்கும். ஒரு விதையைத் தோண்டி நசுக்கிப் பாருங்கள். கூழாக இருந்தால் அழுகிவிட்டது.

வேர்முடிச்சு: இனத்தின் பெயர் இல்லை, ஊர் இல்லை, விதையை என்ன செய்தார் என்பதும் இல்லை. இப்படிக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. இதைப் பலமுறை சொல்லிவிட்டேன். விதைப்பதற்கு முன்னால் அந்தச் செடி எங்கே, எப்படி வாழ்கிறது என்று படித்துக்கொள்ள வேண்டும்.

மலைச்சாரல்: மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். இலியாம்னா ரிவுலாரிஸ். கிழக்கு வாஷிங்டன், ஸ்போக்கேன் பக்கம். தட்டில் விதைத்தேன். விதை அழுகவில்லை, கல் மாதிரி இருக்கிறது.

பனிக்காலம்: அப்படியானால் குளிர் போதவில்லை. மலைச்செடிகள் எல்லாவற்றுக்கும் குளிர்காலம் தேவை. ஈர மணலில் கலந்து குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். எனக்கு இந்த முறை தவறியதே இல்லை.

துத்திப்பூ: எந்தச் செடிக்குத் தவறியதில்லை, பனிக்காலம்? இலியாம்னாவுக்கா?

பனிக்காலம்: பென்ஸ்டெமனுக்கு. மலைச்செடிதானே அதுவும்.

வேர்முடிச்சு: "கல் மாதிரி" என்று அவர் எழுதியதிலேயே விடை இருக்கிறது. இது செம்பருத்திக் குடும்பம். விதையுறை நீரை உள்ளே விடாது. எத்தனை வாரம் ஈரத்தில் கிடந்தாலும் உள்ளே வறண்டே இருக்கும். குளிரால் அந்த உறை திறந்துவிடாது. மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடந்து, காட்டுத்தீ கடந்த பிறகு கூட்டமாக முளைக்கும் செடி இது. உறையில் சிறு அடைப்பு ஒன்று உண்டு. வெப்பம் பட்டால் அது திறக்கும், நீர் நுழையும்.

தீ செய்வதைச் சுடுநீரால் செய்யலாம். நீரைக் கொதிக்கவைத்து இறக்கி, 80 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வந்ததும் விதைமேல் ஊற்றுங்கள். அடுப்பின் மேல் வைத்து வேகவைக்காதீர்கள், கரு செத்துவிடும். அதே நீரில் ஒரு நாள் ஊறட்டும். பெருத்தவற்றை விதையுங்கள். பெருக்காதவற்றுக்கு மறுபடியும் சுடுநீர்.

துத்திப்பூ: விதை கொஞ்சமாக இருந்தால் உப்புத்தாள் பாதுகாப்பானது. விதை சிறுநீரக வடிவில் இருக்கும். உள்வளைந்த பக்கத்தைத் தொடாமல் முதுகுப்பக்கத்தை மட்டும் லேசாகத் தேயுங்கள்.

கரிச்சட்டி: வெப்பம் மட்டும் போதாது, புகையும் வேண்டும். புகை கரைந்த நீரில் ஊறவைத்தால்தான் முழுப்பலன்.

வேர்முடிச்சு: புகைக்கு முளைக்கும் செடிகள் வேறு. இங்கே தடை உறைதான். உப்புத்தாளில் தேய்த்த விதையும் முளைக்கிறதே, அதில் புகை எங்கே வந்தது?

கரிச்சட்டி: காட்டில் யாரும் உப்புத்தாள் தேய்ப்பதில்லை. வர்ஜீனியாவின் பீட்டர்ஸ் மலையைப் பாருங்கள். அங்குள்ள வேறொரு இலியாம்னா 1927இல் கண்டறியப்பட்டபோது ஏறத்தாழ 50 செடிகள் இருந்தன. 1986இல் மூன்றுதான் மிஞ்சின. தீயை அணைத்து அணைத்தே அந்த நிலைக்கு வந்தது. பிறகு திட்டமிட்டுத் தீ வைத்த இடத்தில் நாற்றுகள் முளைத்தன.

வேர்முடிச்சு: தீ வேண்டும் என்பதைத்தான் அது காட்டுகிறது. புகை வேண்டும் என்று காட்டவில்லை.

துத்திப்பூ: பீட்டர்ஸ் மலைச் செடி தனி இனமே இல்லை, இலினாய் மாநிலத்தின் கான்ககீ ஆற்றுத் தீவில் உள்ள இலியாம்னா ரிமோட்டாதான் என்று கருதும் தாவரவியலாளர்களும் இருக்கிறார்களே?

கரிச்சட்டி: தனி இனம் என்றே 1986இல் அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தார்கள். பெயரைக் கலைத்தால் பாதுகாப்பும் கலைந்துவிடும்.

வேர்முடிச்சு: பாதுகாப்பு வேண்டும் என்பதற்காக வகைப்பாட்டை வளைக்கக் கூடாது. வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள்.

துத்திப்பூ: மலைச்சாரல், முளைத்த பிறகு கவனிக்க வேண்டியது: நல்ல வெயில், நீர் தேங்காத மண், வசந்தத்தில் குறையாத ஈரம். ஓடைக்கரைச் செடி அது. ஒன்று முதல் இரண்டு மீட்டர் உயரம் வளரும், இடம் விட்டு நடுங்கள். முதல் ஆண்டு பெரும்பாலும் இலைதான், பூவை அடுத்த ஆண்டு எதிர்பாருங்கள். காய் பறிக்கும்போது கையுறை அணியுங்கள், அதன் முடிகள் தோலில் குத்தி எரியும்.

மலைச்சாரல்: சுடுநீர் முறைதான் செய்தேன். பாதிக்கு மேல் முளைத்துவிட்டன. அனைவருக்கும் நன்றி.

பனிக்காலம்: மகிழ்ச்சி. ஊறிய பிறகு குளிரில் வைத்தீர்களா, நேராக விதைத்தீர்களா?

துத்திப்பூ: பெருக்காத விதைகளுக்கு இரண்டாம் முறை சுடுநீர் தேவைப்பட்டதா? அதையும் எழுதுங்கள், மலைச்சாரல். என்னிடமும் ஒரு பொட்டலம் இருக்கிறது.