பழைய ட்ரங்குப் பெட்டியை வைத்துப் பேய்க் குறும்படம்: மூடி தானாகத் திறக்க வேண்டுமா?

மேல்பிரிவு (தலவாக்கலை):
எங்கள் தோட்டத்து இளைஞர்கள் சேர்ந்து, லயன் வீட்டின் ஓர் எட்டடிக் காம்பராவுக்குள்ளேயே (அறைக்குள்ளேயே) நடக்கும் பேய்க் குறும்படம் ஒன்றை எடுக்க இருக்கிறோம். பாட்டி காலத்து ட்ரங்குப் பெட்டிதான் பேய் குடியிருக்கும் பொருள். கையில் இருப்பவை ஒரு கைபேசியும் ஒரு டோர்ச்சும் மட்டுமே. மூடி தானாகத் திறப்பதை நூல் கட்டி இழுத்துக் காட்டலாமா, கணினியில் செய்வது நல்லதா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

இஸ்தோப்பு (ஹட்டன்):
தம்பி, மூடி தானாகத் திறக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மைக் ஃப்ளானகன் 2006இல் எடுத்த ‘ஒக்குலஸ்’ குறும்படத்தில் ஓர் அறை, ஒரு மனிதன், முகம் பார்க்கும் ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். அதுவே 2013இல் முழுநீளப் படமாக வளர்ந்தது. டேவிட் சாண்ட்பெர்க் தம் வீட்டிலேயே மனைவியை நடிக்க வைத்து 2013இல் எடுத்த ‘லைட்ஸ் அவுட்’ மூன்று நிமிடம்கூட ஓடாது. விளக்கை அணைத்தால் உருவம் தெரியும், போட்டால் மறையும் என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டு, ஆளிக்கு (சுவிட்சுக்கு) கை போகும் ஒவ்வொரு முறையும் அவர் நம்மை நடுங்க வைக்கிறார். தமிழில் 2009இல் வந்த ‘யாவரும் நலம்’ படத்திலும் தொலைக்காட்சி வழக்கம்போல் நாடகத்தைத்தான் ஒளிபரப்புகிறது. ஆனால் அந்த நாடகத்தில் நடப்பது வீட்டிலும் நடக்கிறது. பொருள் தன் வேலையை விட்டுவிட்டு ஆடத் தொடங்கினால் பார்ப்பவர் நூலைத் தேடுவார். தன் வேலையையே அது பிழையாகச் செய்யும்போதுதான் அச்சம் பிறக்கிறது.

பனிக்கூர் (பொகவந்தலாவை):
இதை அப்படியே ஏற்கிறேன். அப்படியானால் ட்ரங்குப் பெட்டியின் வேலை என்ன? நம் வீடுகளில் பிறப்புச் சான்றிதழும் பிரஜாவுரிமைப் பத்திரமும் அதற்குள்தான் இருந்தன. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழர்களான நம்மவர்களை, 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிப் பிரித்து, எஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டது. ஒரே காம்பராவில் உறங்கியவர்கள் ஆளுக்கொரு நாட்டுக்காரர் ஆனார்கள். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் வீட்டில் ஒருவரின் பெயர் பத்திரத்திலிருந்து மறைகிறது, அதன்பின் அவரை வீட்டார் எவரும் அடையாளம் காண்பதில்லை என்று கதையை அமைத்துப் பாருங்கள். இதைவிடப் பெரிய பேய் மலையகத்துக்குத் தேவையில்லை. செலவும் நான்கைந்து தாள்கள்தான்.

மேல்பிரிவு:
மிக்க நன்றி அண்ணா. பெயர் மறைவதையே எடுத்துக்கொள்கிறோம். தகரக் கூரையில் மழை பெய்யும்போது வசனம் கேட்குமா?

இஸ்தோப்பு:
கேட்காது. வசனத்தைக் குறைத்துவிடுங்கள். பூட்டு, கீல், தாள் புரளுதல் ஆகிய ஓசைகளை மழையில்லாத இரவில், கைபேசியைப் பெட்டியருகே வைத்துத் தனியாகப் பதிந்து பின்னர் சேர்க்கலாம். டோர்ச்சை நேரே தாளில் அடித்தால் எழுத்து வெளிறிவிடும். சுவரில் அடித்து, அங்கிருந்து திரும்பும் வெளிச்சத்தில் படமெடுங்கள்.