வெள்ளம் ஏறும் பழைய வீடு: ஜாக்கி வைத்துத் தூக்கலாமா?

படுவான்கரையான்:
எங்கள் வீடு மட்டக்களப்பு வவுணதீவில், வயலோரம். 2003இல் அப்பா கட்டியது. கருங்கல் அத்திவாரம், சீமெந்துக் கல் சுவர், ஓட்டுக்கூரை. 2011 ஜனவரி வெள்ளத்தில் உள்ளே இரண்டரை அடி தண்ணீர். அதற்குப் பிறகும் இரண்டு மாரிக்கு முழங்கால் அளவு வந்துவிட்டது. உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறக்கிறார்கள் என்றாலே அம்மா நெல்மூடையைக் கட்டிலில் ஏற்றச் சொல்கிறார். இந்தியாவில் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கும் வீடியோ பார்த்தேன். நமக்குச் சரிவருமா? இல்லை, உள்ளே மண் போட்டு நிலத்தை மட்டும் உயர்த்தலாமா?

பழைய மேசன்:
தம்பி, சுவரில் சாய்வான வெடிப்பு இருக்கிறதா? வாசல் நிலை எத்தனை அடி உயரம்?

படுவான்கரையான்:
குசினி மூலையில் இருக்கிறது அண்ணன். விரல் நுழையாது, காசு நுழையும். நிலை ஏழடி.

பழைய மேசன்:
அப்படியென்றால் ஜாக்கியை மறந்துவிடுங்கள். அடிபீம், அதுதான் அத்திவாரத்துக்கு மேல் சுவரைத் தாங்கும் கம்பிக் கொங்கிறீட், இல்லாத சுவர். ஒரு மூலை கொஞ்சம் முந்தி ஏறினாலே பிளக்கும். வயல் களி வேறு, மாரியில் ஊதும், கோடையில் வெடிக்கும். நிலத்தை மூன்றடி உயர்த்தினால் நிலை நாலடியாகிவிடும். பிறகு நிலை, யன்னல், கூரை என்று எல்லாமே ஏற வேண்டும். அது புது வீட்டுக் கணக்கு.

கிரான்காரி:
நாங்கள் இடித்து மூன்றடி உயர்த்திக் கட்டினோம். வீடு நனையவில்லை, அது உண்மை. ஆனால் வளவுக்கும் கிறவல் கொட்டினோம். தண்ணீர் பக்கத்து வளவுக்குத் திரும்பியது. அந்த வீட்டு மாமி இன்னும் கதைப்பதில்லை. மலசலகூடத்தைப் பழைய மட்டத்திலேயே விட்டது அடுத்த பிழை. குழி நிரம்பிக் கோப்பையால் மேலே வந்தது. கிணற்றுக் கட்டும் தாழ்வு, வெள்ளம் உள்ளே இறங்கிவிட்டது, இறைத்துக் குளோரின் போடும்வரை குடிக்க வழியில்லை.

பழைய மேசன்:
தங்கச்சி சொல்வது சரி. காசு குறைவென்றால் பின்பக்கம் ஒரு அறையும் மலசலகூடமும் மட்டும் கொங்கிறீட் தூணில் ஏற்றுங்கள், 2011 மட்டத்துக்கு மேல் ஓரடி. தூண்களுக்கிடையே சுவர் அடைக்க வேண்டாம், தண்ணீர் ஓடட்டும். பழைய வீட்டில் மெயின் சுவிச்சையும் பிளக்குகளையும் நெஞ்சளவுக்கு ஏற்றினால் போதும். தொடங்க முதல் பிரதேச சபையில் அனுமதி எடுங்கள். வீதியிலிருந்து உயரம் அளக்காதீர்கள். வீதி வருசா வருசம் வளருது.

படுவான்கரையான்:
2011 கறை அலுமாரிக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது. அதிலிருந்து அளக்கிறேன். அறை அம்மாவுக்குத்தான், முழங்கால் நோவு. படி?

பழைய மேசன்:
ஆறு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு பக்கமும் கைப்பிடி.

கிரான்காரி:
நெல்மூடைக்கும் இடம் விடுங்கள். இல்லாவிட்டால் அம்மா மேலே வரமாட்டார்.