நீல வேலைச்சட்டையா, மெய்ப்பையா?

நண்பர்களே,
உடை பற்றிய ஒரு கட்டுரையை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை காலைக்குள் கொடுத்தாக வேண்டும். அதில் வரும் ஓர் உடைக்குத் தமிழ்ப் பெயர் வேண்டும்: பிரெஞ்சில் 'ப்ளோ தெ த்ரவாய்', ஆங்கிலத்தில் சோர் கோட். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பிரான்சின் ஆலைத் தொழிலாளரும் ரயில்வே ஊழியரும் அணிந்த நீலப் பருத்தி உடை. இடுப்புக்குச் சற்றுக் கீழே நிற்கும், உள்துணி கிடையாது, மேலே ஒட்டித் தைத்த பைகள் மூன்று. இப்போது அலுவலகம் போகிறவர்களும் போட்டுக்கொள்கிறார்கள். 'தொழிலாளர் மேலங்கி' என்று எழுதிப் பார்த்தேன், கணுக்கால் வரை தொங்குவது போல இருக்கிறது. நல்ல சொல் தாருங்கள்.

---
கையில் சொல்லை வைத்துக்கொண்டு ஏன் தேட வேண்டும்? முல்லைப்பாட்டில் பாசறை காக்கும் யவனர் 'மெய்ப்பை புக்க வெருவருந் தோற்றத்து' நிற்கிறார்கள். மேலை நாட்டார் போட்ட சட்டைக்குச் சங்கப் புலவர் வைத்த பெயர் அது. நீலமெய்ப்பை என்று எழுதுங்கள். குப்பாயம் வேண்டுமென்றால் அதுவும் சரி, சட்டைக்குப் பழைய பெயர், மலையாளத்திலும் உண்டு. 'கோட்' மட்டும் வேண்டாம்.

---
> நீலமெய்ப்பை
ஐயா, கட்டுரை படிப்பவர் இருபது வயதுப் பிள்ளை. மெய்ப்பை என்றால் தோளில் மாட்டும் பை என்றுதான் நினைப்பார். பிரெஞ்சுக்காரர் பேச்சில் வெறும் 'ப்ளோ', அதாவது நீலம், என்றாலே அந்த உடைதான். நாம் 'காக்கி போட்டவர்' என்கிறோமே, அதே வழக்கு. அதனால் 'நீலச்சட்டை' போதும்.

---
நீலச்சட்டை என்றால் தமிழ்நாட்டில் அம்பேத்கரிய இயக்கத் தோழர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அந்தப் பொருளை நாம் கலைக்கக் கூடாது.

நீலம் என்றதும் இன்னொன்று. புதுச்சேரியில் அவுரிச் சாயம் தோய்த்த நீலத்துணி 'கினே' என்ற பெயரில் பிரெஞ்சு வணிகர் வழியாகச் செனகலுக்குப் போனது, அங்கே பிசின் வாங்க அதைப் பண்டமாற்றாகக் கொடுத்தார்கள். அவுரி, நீலி, கருநீலம் எல்லாம் நம் சாயப்பட்டறைச் சொற்கள், இவற்றிலிருந்து ஒன்றை எடுக்கலாமே?

---
கினே வேறு துணி, இந்த உடை வேறு. இது மோல்ஸ்கின் என்ற நெருக்கி நெய்த கனத்த பருத்தி. 1897இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் என்ற வேதிப்பொருள் நிறுவனம் செயற்கை அவுரியை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு நீலச் சாயத்துக்குச் செடியே தேவைப்படவில்லை. அவுரியைப் பெயரில் வைத்தால் தப்பான வரலாறு ஆகிவிடும்.

என் கவலை வேறு. பழைய உடைகளில் முழங்கை வெளுத்து, பை ஓரம் நைந்து, வேறு நீலத்தில் ஒட்டுப் போட்டிருக்கும். இன்று கடைகளில் அந்த ஒட்டுக்குத்தான் கூடுதல் விலை. பில் கன்னிங்ஹாம் என்ற நியூயார்க் புகைப்படக்காரர் பாரிஸ் துப்புரவுத் தொழிலாளர் போட்ட அதே நீல உடையை வாங்கி, கேமரா உரசினாலும் தாங்கும் என்பதற்காகவே பல ஆண்டு போட்டார். 2008இல் பிரெஞ்சு அரசு விருது தந்தபோதும் அதே உடைதான். 'வேலை' என்பதைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் நிறம். நீல வேலைச்சட்டை என்பதே என் வாக்கு.

---
சட்டை என்றால் இன்று உள்ளே போடுவதல்லவா? இது அதற்கு மேல் போடுவது.

---
பாம்பு உரிப்பதும் சட்டைதான். மேலே போர்த்துவது எதுவும் சட்டையே.

---
எல்லாருக்கும் நன்றி. 'நீல வேலைச்சட்டை' பொருத்தமாகப் படுகிறது, அதையே வைக்கிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'சட்டைக்கு மேல் அணிவது' என்று ஒரு தொடர் சேர்ப்பேன்.

---
அனுப்புங்கள். ஆனால் கலைச்சொல் பட்டியலில் ஏற்றும்போது மெய்ப்பையையும் பக்கத்தில் எழுத வேண்டும், இதை நான் விடுவதாக இல்லை.