வயசான லேப்ரடார் நாய்க்கு அக்குபங்சர் (ஊசி வைத்தியம்): சேலம் பக்கம் பார்த்தவங்க இருக்கீங்களா?

நாகலூர்க்காரி:
எங்க ராமுவுக்கு 11 வயசு, லேப்ரடார். ஏற்காட்டுல பனி இறங்கிட்டா காலையில எழுந்து நிக்கவே திணறுறான். எக்ஸ்ரே பார்த்துட்டு இடுப்பு மூட்டுத் தேய்மானம்னு சொன்னாங்க. வலி மாத்திரை நல்லாக் கேட்டுச்சு. ஆனா ரத்தப் பரிசோதனையில கிரியாட்டினின் ஏறியிருக்கு, கிட்னி சரியா வேலை செய்யலையோன்னு டாக்டர் மாத்திரை அளவைக் குறைச்சுட்டார். ராத்திரி முனகுறதைக் கேட்டா வயித்தைப் பிசையுது. சேலத்துல மனுஷங்களுக்கு அக்குபங்சர் பண்றவர் ஒருத்தர், "நாய்க்கும் வைக்கலாம், கூட்டிட்டு வாங்க"ங்கறார். போகலாமா?

அஸ்தம்பட்டி:
அவர்கிட்ட வேண்டாம்க்கா. எங்க டாஷண்டு நாய்க்கு முதுகுத் தட்டு (டிஸ்க்) பிதுங்கினப்போ பெங்களூர்ல ஒரு கால்நடை டாக்டர்கிட்டதான் வச்சோம். ஊசியை எடுக்கறதுக்கு முன்னாடி அவர் ரொம்ப நேரம் நாயைத்தான் பார்த்தார். பின்னம்பாதத்தை மடக்கி, மேல்பக்கம் தரையில படற மாதிரி வச்சார். நரம்பு சரியா இருந்தா நாய் சட்டுனு பாதத்தை நேராக்கிக்கும். எங்க குட்டி மடங்குன பாதத்தோடவே நின்னுச்சு. அப்புறம் நகம். நடு ரெண்டு நகம் மட்டும் நுனி தேய்ஞ்சிருந்தது, காலை இழுத்து இழுத்து நடந்ததால. ராமுவுக்கு வலி மூட்டுல மட்டுமா, முதுகுலயுமான்னு இப்படிப் பார்க்கத் தெரிஞ்சவங்கதான் சொல்ல முடியும். அது தெரியாம எங்க ஊசி குத்துவாங்க?

ஊசி முடி மாதிரி மெல்லிசு. முதுகெலும்பு ஓரமா ரெண்டு பக்கமும், இடுப்புக்கு மேல, முழங்காலுக்குக் கீழன்னு வச்சு, சிலதுல கிளிப் மாட்டி லேசா மின்சாரம் கொடுத்தார். பாதத்துல வச்சதை மட்டும் உதறிடுச்சு. மத்தபடி கொட்டாவி விட்டுட்டு தலையைச் சாய்ச்சிடுச்சு. மறுபடி நடந்ததுக்கு ஊசி மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன். கூண்டுல வச்சு ஓய்வு, மாத்திரை, எல்லாம் கூடவே நடந்துச்சு.

நாமக்கல் வெட்:
1984 கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் விலங்குக்கு வைத்தியம் பார்க்கலாம். வயசான லேப்ரடாருக்குத் தோலுக்கடியில கட்டிகள் இருக்கலாம். எது கொழுப்பு, எது புற்றுன்னு பார்க்காம அதுமேல ஊசி போடவே கூடாது.

சான்று பத்திச் சொல்றேன்: விலங்கு அக்குபங்சர் ஆய்வுகளை அலசி 2006-ல வந்த ஒரு தொகுப்பு, இதைச் சிபாரிசு பண்ணவும் ஒதுக்கவும் போதுமான ஆதாரம் இல்லைன்னுதான் முடிச்சுது. மூட்டு வலிக்குத் துணையா வச்சுப் பார்க்கலாம், மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. வீட்டுல இருக்கற ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எதையும் கொடுத்துடாதீங்க, கிட்னி போயிடும். எடை கூட இருந்தா அதைக் குறைங்க, இடுப்புக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. வழுக்கற தரையில கோணிச்சாக்கு விரிங்க. திடீர்னு பின்னங்கால் ரெண்டும் விழுந்துட்டா ஊசியைத் தேடாதீங்க, அன்னைக்கே மருத்துவமனை.

நாகலூர்க்காரி:
இப்பதான் பார்த்தேன், இடது பின்னங்கால் நகம் தேய்ஞ்சுதான் இருக்கு. நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்கே கூட்டிட்டு வர்றோம். 20 கொண்டை ஊசி வளைவுல அவனை எப்படி இறக்கறது? வண்டி திரும்பறப்பல்லாம் சரியறான்.

அஸ்தம்பட்டி:
சீட்டுல படுக்க வைக்காதீங்கக்கா. முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவுல இருக்கற பள்ளத்துல கம்பளியைத் திணிச்சு மட்டமாக்கி, பின் சீட்டோட ஒரே சமமா கொண்டு வாங்க. மேல மெத்தை. ஒருத்தர் பக்கத்துல உக்காந்து இடுப்பை அணைச்சுப் பிடிச்சுக்கணும். கிளம்பறதுக்கு முன்னாடி சோறு வேண்டாம்.