கிங் கிஸர்ட்: 27 ஆல்பம், எங்கே தொடங்குவது? (அப்பா "சுருதி சேரலை" என்கிறார்)

கட்டைச்சுருதி:

போன வாரம் புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்கு வண்டியில் வந்துகொண்டிருந்தோம். நண்பன் கொடுத்த பென்டிரைவைச் சொருகினேன். 'ஃப்ளையிங் மைக்ரோடோனல் பனானா' என்று ஒரு ஆல்பம், 2017இல் வந்தது. குழுவின் பெயர் கிங் கிஸர்ட் அண்ட் தி லிஸர்ட் விஸர்ட். தமிழில் சொன்னால் இரைப்பை ராஜாவும் பல்லி மந்திரவாதியும்.

பக்கத்து சீட்டில் அப்பா. நாற்பது வருடமாக ஆர்மோனியம் பழுது பார்க்கிறவர். ஸ்பெஷல் நாடகக்காரர்கள் ராத்திரி பத்து மணிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டுவார்கள். அப்படிப்பட்ட காது. முதல் நிமிடத்திலேயே, "கம்பியை முறுக்கிட்டு வாசிக்கச் சொல்லுடா, சுருதி சேரலை" என்றார். நான் பாட்டை மாற்றக் கையை நீட்டினேன். "இரு" என்றார். கீரனூர் தாண்டும் வரை பேச்சில்லை. அப்புறம் சொன்னார்: "இது தப்பு இல்ல. தப்புன்னா ஒவ்வொரு தடவையும் வேற வேற மாதிரி வரும். இவன் ஒரே இடத்துல, ஒரே அளவுக்கு விலகுறான்."

சரி, இதுதான் கேள்வி. அப்பா சொல்வது உண்மையா? வேண்டுமென்றே செய்கிறார்களா? ஒரு ஸ்தாயிக்குள் 22 சுருதி என்கிறார்களே, நம்ம அந்தச் சமாச்சாரமா இது? இன்னொன்று: வீட்டுக்கு வந்து அதே பென்டிரைவில் வேறொரு ஆல்பத்தைத் திறந்தால் காது கிழியும் த்ராஷ் மெட்டல். அதற்கடுத்ததில் புல்லாங்குழலோடு மெல்லிய கிட்டார். எல்லாம் ஒரே குழுதானா, நண்பன் கலந்து ஏற்றிவிட்டானா? ஸ்பாட்டிஃபையில் தேடினேன், அகப்படவில்லை.

பழைய_ஃபிரெட்:

உங்கள் அப்பாவின் காதுக்கு ஒரு கும்பிடு. வேண்டுமென்றேதான்.

சாதாரண கிட்டாரில் ஒரு ஸ்தாயிக்கு 12 ஃபிரெட், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள். இவர்களுடைய தலைவர் மாதிரி இருக்கும் ஸ்டூ மெக்கன்ஸி, இடையிடையே கூடுதல் ஃபிரெட் வைத்து ஒரு மஞ்சள் கிட்டாரைச் செய்யச் சொல்லி வாங்கினார். ஆல்பத்தின் பெயரில் இருக்கும் வாழைப்பழம் அந்தக் கிட்டார்தான். அவர் மட்டும் வாசித்தால் மற்றவர்களோடு சேராதே? அதனால் தலைக்கு 200 டாலர் கொடுத்து, ஆளுக்கொரு வாத்தியத்தை வாங்கி, அதே சுரங்கள் வரும்படி மாற்றியமைக்கச் சொன்னார்கள். பேஸ், கீபோர்டு, மவுத் ஆர்கன் வரை மாற்றினார்கள். இது உங்கள் அப்பாவுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்: மவுத் ஆர்கனுக்குள்ளும் ஆர்மோனியத்தைப் போல ரீடுதானே, காற்றில் அதிரும் உலோக நாக்கு.

22 சுருதியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 22 என்பது சமமான துண்டுகள் இல்லை. இவர்கள் செய்தது அரைச்சுரத்தைச் சரிபாதியாக வெட்டுவது, ஸ்தாயிக்கு 24 சமத் துண்டு. அரைச்சுரத்தைவிடச் சிறிய இந்த மாதிரி இடைவெளியைத்தான் மைக்ரோடோன் என்கிறார்கள். நம் கணக்கில் சொன்னால், 'சாதாரண காந்தாரம்' என்ற கீழ்க் காந்தாரத்துக்கும் 'அந்தர காந்தாரம்' என்ற மேல் காந்தாரத்துக்கும் நட்டநடுவே ஒரு காந்தாரம். அரபு இசையில் ராஸ்ட் என்ற மகாமில் (நம் ராகம் மாதிரி) கிட்டத்தட்ட அந்த இடம்தான் உயிர். நம் வித்வான்களும் அந்த இடத்தைத் தொடாமல் இல்லை. ஆனால் கமகத்தில் வழுக்கிக்கொண்டு போவார்கள், உட்கார மாட்டார்கள். இவர்கள் அங்கேயே பாய் விரித்து உட்காருகிறார்கள். அதுதான் காதில் உறுத்துகிறது.

நானும் இதைச் செய்து பார்த்து அசிங்கப்பட்டவன். பாக்லமா என்ற துருக்கிக் கம்பி வாத்தியத்தில் ஃபிரெட்டை நைலானால் கட்டுவார்கள், நகர்த்தலாம். அதைப் பார்த்து என் பழைய கிட்டாரின் கழுத்தில் தூண்டில் நரம்பைச் சுற்றிக் கட்டினேன். என் கிட்டாரில் கம்பியின் நீளம் 648 மில்லிமீட்டர். முதல் ஃபிரெட் 36.4இல் இருக்கிறது, ஆகவே பாதி 18.2இல் கட்ட வேண்டும் என்று நினைப்போம். தப்பு, 18.4 வரும். துண்டுகள் போகப் போகச் சிறுத்துக்கொண்டே போவதால் நடுப்புள்ளி அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளும். கணக்கெல்லாம் போட்டு, வெர்னியர் வைத்துக் கட்டி, வாசித்தால் பழைய சுரமே வருகிறது! நரம்பு உலோக ஃபிரெட்டைவிடத் தாழ்வு. கம்பி என் நரம்பைத் தாண்டிப் போய் அடுத்த ஃபிரெட்டில்தான் உட்காருகிறது. அரை நாள் போனது. தடித்த நரம்பு வாங்கிக் கட்டிய பிறகுதான் வந்தது. வந்ததும் வீட்டில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

அமாவாசை_ரசிகன்:

எல்லாம் சரி. 2012இல் முதல் ஆல்பம், 2025க்குள் 27. 2017இல் மட்டும் ஐந்து, அதில் கடைசி டிசம்பர் 31 அன்று வந்தது, வருடக் கணக்கு முடிக்கும் குமாஸ்தா மாதிரி. 2022இல் மறுபடி ஐந்து. யாராவது ஒருவர் "போதும்பா" என்று சொல்லியிருந்தால் பாதி நல்ல ஆல்பமாக இருந்திருக்கும். மைக்ரோடோன் என்பதும் ஒரு வித்தை காட்டல்தான். ஒரு வருடம் அது, அடுத்த வருடம் வேறு.

சிட்னி_ரோட்டுக்காரன்:

அமாவாசை அண்ணை, வித்தை காட்டுகிறவன் ஒருக்கால் காட்டிவிட்டுப் போய்விடுவான். இவர்கள் 2020இலும் 2021இலும் அதே கிட்டார்களை எடுத்து 'கே.ஜி.', 'எல்.டபிள்யூ.' என்று இன்னும் இரண்டு ஆல்பம் செய்தவர்கள். அவற்றில் கை நன்றாகப் பழகிவிட்டது விளங்கும்.

நான் மெல்பேர்ணில் இருக்கிறேன். 2010இல் இங்கேதான் இந்தக் குழு தொடங்கியது. 2017 ஆல்பங்களில் ஒன்றின் பெயரிலேயே பிரன்ஸ்விக் ஈஸ்ட் இருக்கிறது. அது நான் ட்ராமில் போய்வரும் இடம். பக்கத்திலே சிட்னி ரோட். கல்யாண உடுப்புக் கடைகள், லெபனான் பேக்கரி, துருக்கி பேக்கரி என்று நீண்டு கிடக்கும். இந்தத் தெருக்களில் நடந்து பழகினவனுக்குக் கிட்டாரில் துருக்கி வாசம் அடிப்பது ஒரு அதிசயமாகத் தெரியாது.

நான் பிறந்தது யாழ்ப்பாணத்து அளவெட்டி. நாதசுரமும் தவிலும் கேட்டு வளர்ந்த ஊர். அந்த மைக்ரோடோனல் ஆல்பத்தில் நடுநடுவே ஒரு குழல் கத்தும், கவனித்தீர்களா? முதல் தரம் கேட்டபோது நான் பெட்டியை நிற்பாட்டிவிட்டுத் திரும்பவும் கேட்டேன். அது சூர்னா என்ற துருக்கி வாத்தியம். நம் நாதசுரம் போலவே இரட்டைச் சீவாளி, போகப் போக அகலும் உடம்பு. துருக்கிக் கல்யாணங்களில் சூர்னாவோடு டாவுல் என்று ஒரு பெரிய மேளம் சேர்ந்து வரும். டாவுல், தவில். பெயரைக் கேட்டாலே சொந்தக்காரர் மாதிரி. கட்டைச்சுருதி, அப்பாவுக்கு அந்த இடத்தை மட்டும் போட்டுக் காட்டுங்கோ.

ஸ்பாட்டிஃபை விசயம்: 2025 ஜூலையில் தங்கள் பாட்டுகளை அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். அதை நிறுவியவர்களில் ஒருவரான டேனியல் எக், ராணுவத்துக்கு ட்ரோன் செய்கிற ஹெல்சிங் நிறுவனத்தில் பணம் போட்டதுதான் காரணம். இசை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் இருக்கிறது, 2025இல் அங்கே விரும்பிய விலை கொடுத்து எடுக்க விட்டார்கள். இதெல்லாம் அவர்களுக்குப் புதிதில்லை. 2017இல் 'பாலிகோண்ட்வானாலாந்து' என்ற ஆல்பத்தை இலவசமாகக் கொடுத்ததோடு, "யார் வேண்டுமானாலும் இசைத்தட்டு அடித்துக்கொள்ளுங்கோ" என்று மூல ஒலிக்கோப்புகளையும் போட்டுவிட்டார்கள். ஊரூராகச் சின்னச் சின்ன ஆட்கள் அடித்தார்கள். என்னிடம் இருப்பது ஆர் அடித்ததோ! மட்டை கொஞ்சம் கோணல், முதல் பக்கத்தில் ஒரு கீறல் சத்தம் நிரந்தரம். கொடுக்க மாட்டேன்.

பழைய_ஃபிரெட்:

நண்பன் கலக்கவில்லை, எல்லாம் ஒரே குழுதான். அந்த மெட்டல் 2019இன் 'இன்ஃபெஸ்ட் த ரேட்ஸ் நெஸ்ட்' ஆக இருக்கும். புல்லாங்குழல் என்றால் 2015இன் 'பேப்பர் மாஷே ட்ரீம் பலூன்' என்று படுகிறது. தொடக்கத்துக்கு நான் 'நோனகன் இன்ஃபினிட்டி'யைச் சொல்வேன், 2016. ஒவ்வொரு பாட்டும் அடுத்ததற்குள் புகுந்து, கடைசிப் பாட்டு முதல் பாட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். ரிப்பீட்டில் விட்டால் முடிவே இல்லை. ஒருமுறை சமைத்துக்கொண்டே போட்டுவிட்டு, எத்தனை சுற்று போனது என்று தெரியாமல் குக்கரை மறந்தேன். அதைப் பற்றி வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

அமாவாசைக்கு: 27இல் பத்து தேறினாலும் எனக்குப் போதும்.

கட்டைச்சுருதி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மத்தியானம் அப்பாவை உட்கார வைத்து சூர்னா வரும் இடத்தைப் போட்டேன். "நாயனக்காரன் மூச்சு பத்தாம வாசிக்கிறான்" என்றார். அளவெட்டிக்காரர் மன்னிக்க வேண்டும். டாவுல் பெயரைச் சொன்னதும் மட்டும் கொஞ்சம் சிரித்தார்.

வினையானது மவுத் ஆர்கன் சமாச்சாரம்தான். "ரீடை எப்படி மாத்தியிருப்பான்னு எனக்குத் தெரியாதா" என்று எழுந்து போய்ச் சின்ன அரத்தை எடுத்து வந்தார். அலமாரியில் என் மகளுடைய மவுத் ஆர்கன் இருந்தது. நாலு திருகைக் கழற்றி, மேல்தகட்டை எடுத்து, ஒரு ரீடின் அடியில் பழைய பிளேடைச் செருகித் தூக்கிப் பிடித்துக்கொண்டார். நுனியில் சுரண்டினால் சுரம் ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். ஆர்மோனியத்திலும் அதே விதிதானாம். அடியில் இரண்டு இழுப்பு, ஊதிப் பார்ப்பார். மறுபடி ஒரு இழுப்பு, ஊதுவார். ஐந்தாவது தடவை ஊதிவிட்டு என்னைப் பார்த்தார். அந்த நடுக் காந்தாரம் வந்துவிட்டது. வண்டியில் கேட்ட அதே உறுத்தல், எங்கள் வீட்டுக் கூடத்தில்.

அதோடு விட்டிருக்கலாம். "இதுக்கு இணையா ரிஷபத்தையும் எறக்கணும்" என்று அடுத்த ரீடில் கை வைத்தார். சத்தமே இல்லாமல் நாக்கு ஒடிந்து மடியில் விழுந்தது. எனக்குத் தெரிந்து அப்பா ரீடை ஒடித்துப் பார்த்ததே இல்லை. ஆர்மோனிய ரீடு இதைவிடத் தடிமன் என்று இரண்டு முறை சொன்னார், நான் ஒன்றும் கேட்காமலேயே.

மகள் திங்கட்கிழமை பாட்டி வீட்டிலிருந்து வருகிறாள். திருச்சியில் பத்து ஓட்டை மவுத் ஆர்கன் எந்தப் பக்கம் கிடைக்கும்? இரண்டு வேண்டும். ஒன்று அவளுக்கு.