டோக்கியோ – லாஸ் ஏஞ்சலஸ்: போக 10 மணி நேரம், வர 12 மணி நேரமா?

கேள்வி:
ஜனவரியில் டோக்கியோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போய்த் திரும்ப டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தூரம் சுமார் 8,800 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறது. மணிக்கு 900 என்று வைத்தால் பத்து மணி நேரத்துக்குள் முடிய வேண்டும், போகும்போது கிட்டத்தட்ட அப்படித்தான் காட்டுகிறது, ஆனால் திரும்பும்போது 12 மணி நேரம். அதே தூரம், அதே ரக விமானம், அந்த இரண்டு மணி நேரம் எங்கே போகிறது? அப்புறம் இன்னொன்று. இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றனவே என்று நேர் கிழக்காகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், 9,300 வருகிறது. எது சரி?

பதில் 1:
உங்கள் கணக்கு தப்பில்லை, வழிதான் தப்பு. ஒரு உலக உருண்டையை எடுத்து இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் வடக்கே நழுவி 48 டிகிரி வரை ஏறி இறங்கும். அதுதான் குறைந்த தூரம், 500 கிலோமீட்டர் மிச்சம். தட்டை வரைபடத்தில் பார்த்தால் அது சுற்றுவழி மாதிரி தெரியும், அவ்வளவுதான்.

பதில் 2:
நூல் சரி, ஆனால் விமானம் அதன் மேலேயே போகும் என்று நினைத்துவிடாதீர்கள். 10 கிலோமீட்டருக்கு மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகக் காற்று குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே மணிக்கு 300 கிலோமீட்டரைக்கூடத் தாண்டும். (1920களிலேயே ஓய்ஷி என்ற ஜப்பானிய வானிலையாளர் பலூன் விட்டு இதை அளந்தார், அறிக்கையை எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் எழுதினார், வெளியே யார் படித்திருப்பார்கள்!) கிழக்கே போகிறவர்கள் கொஞ்சம் தெற்கே இறங்கி, தூரம் கூடினாலும் பரவாயில்லை என்று அந்தக் காற்றில் ஏறிக்கொள்வார்கள். திரும்புகிறவர்கள் அதற்குப் பயந்து வடக்கே, அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகள் பக்கமாக ஒதுங்குவார்கள். வழி முழுக்கச் சராசரியாக 100 கிலோமீட்டர் காற்று என்றே வையுங்கள்: போக 1,000, வர 800. 8,800ஐ வகுத்துப் பாருங்கள், 8.8 மணியும் 11 மணியும் வரும். உங்கள் இரண்டு மணி நேரம் அங்கேதான் இருக்கிறது.

கேட்டவர்:
அப்படியானால் 8.8 ஏன் டிக்கெட்டில் 10 ஆகிறது?

பதில் 3:
டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமில்லை. விமானம் ஏறும் வாயிலிலிருந்து (கேட்) நகர்ந்த நிமிடம் தொடங்கி அந்தப் பக்கம் வாயிலில் நிற்கும் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, மெதுவாக மேலே ஏறுவது எல்லாம் அதில் சேரும், தாமதத்துக்கென்று கொஞ்சம் கூட்டியும் போட்டிருப்பார்கள். அதனால் வகுத்துப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். நான் பார்க்கச் சொல்வது தேதியை. ஜனவரியில் இரண்டு ஊருக்கும் 17 மணி நேர வித்தியாசம். டோக்கியோவில் திங்கள் மாலை 5 மணிக்குக் கிளம்பினால் லாஸ் ஏஞ்சலஸில் அதே திங்கள் காலை 10க்கு இறங்குவீர்கள், கிளம்புவதற்கு முன்பே! திரும்பும்போது நேர்மாறு: திங்கள் நண்பகல் ஏறினால் இறங்குவது செவ்வாய் மாலை 5 மணிக்கு.

கேட்டவர்:
ஐயோ, நான் மறுநாளுக்கு அல்லவா ஹோட்டல் அறை போட்டிருக்கிறேன். இருங்கள், தேதி மாற்ற விடுவார்களா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.