18-க்கு 22 அடியில் ஏசி இல்லாத குட்டி வீடு: கன்டெய்னரா, செங்கல்லா? (அம்மாப்பேட்டை, சேலம்)

மேற்கு வாசல் கேட்டது:
வணக்கம். மனை 18-க்கு 30, ஒண்ணேகால் சென்ட். முன்னால் 5 அடி, பின்னால் 3 அடி விட்டது போக 18-க்கு 22 கட்டலாம் என்று வரைபடம் வந்திருக்கிறது. வாசல் மேற்கு. வடக்கிலும் தெற்கிலும் ஒட்டி மாடி வீடுகள். தெருவில் பாதாளச் சாக்கடை இணைப்பு உண்டு. குடியிருக்கப் போவது மூன்று பேர், அதில் ஒருவர் வயதானவர். கன்டெய்னர் வீடு சீக்கிரம் முடியும், செலவும் குறைவு என்கிறார்கள். சேலம் வெயிலுக்கு அது ஒத்துவருமா? மழைநீரையும் குளியல் தண்ணீரையும் வீணாக்காமல் இருக்க எங்கே இடம் ஒதுக்குவது?

செங்கல்சூளை:
கன்டெய்னர் வேண்டாம் சார். சாதாரண கன்டெய்னரின் உள் அகலம் 7 அடி 8 அங்குலம், உயரம் 7 அடி 10 அங்குலம். மேலே வெப்பத்தடுப்புக்கு 3 அங்குலம் அடைத்தால் மின்விசிறி தொங்கவிட இடமே இருக்காது. தடுப்பு இல்லாவிட்டால் ஏப்ரல், மே மாதங்களில் இரும்புக் கூரை காலை பத்து மணிக்கே அனல் கக்கும்.

உங்கள் மனையில் வடக்கு, தெற்குச் சுவர்களுக்குப் பக்கத்து வீடுகளே நிழல். வெப்பம் வருவது கூரை வழியாகவும் மேற்குச் சுவர் வழியாகவும்தான். செலவழிக்க வேண்டியதும் அங்கேதான். மேற்கு ஜன்னலுக்கு 2 அடி சன்ஷேடு போட்டால் போதும் என்பார்கள், நம்பாதீர்கள். ஏப்ரலில் மாலை 4 மணிக்குச் சூரியன் ஏறக்குறைய 34 பாகை உயரத்தில் நிற்கும். அந்த 2 அடி சன்ஷேடு, ஜன்னலின் மேல் ஒண்ணேகால் அடியைத்தான் மறைக்கும். மீதி ஜன்னல் முழுக்க வெயில்.

அதனால் மேற்கு ஓரம் நாலரை அடிப் பட்டையை வெயில் வாங்கியாக விட்டுவிடுங்கள். நாலரைக்கு 7 அடியில் குளியலறையும் கழிவறையும் சேர்த்து, பக்கத்தில் 4 அடி வாசல் நடை, மீதி ஐந்தரை அடி துணி துவைக்க. துவைக்கும் இடத்துக்கு முழுச் சுவர் வேண்டாம், செங்கல் ஜாலி (இடைவெளி விட்டு அடுக்கிய சுவர்) போதும். தென்மேற்குக் காற்றை வெயிலில்லாமல் அது உள்ளே விடும். ஆனால் காற்று வெளியேற கிழக்கிலும் அதே அளவு திறப்பு வேண்டும். கொசுவலை தூசி படிந்தால் காற்று நின்றுவிடும், கழற்றிக் கழுவுகிற மாதிரிச் சட்டம் போடுங்கள். நடுவில் கூரையில் 3-க்கு 3 திறப்பு விட்டு, ஒன்றரை அடி எழுப்பி, மேலே கான்கிரீட்டால் மூடி, வடக்குப் பக்கம் மட்டும் லூவர் (சாய்ந்த பட்டைகள் உள்ள திறப்பு) வையுங்கள். சூடான காற்று அதில் ஏறிப் போய்விடும். மேலே கண்ணாடி போட்டால் வெளிச்சத்தோடு வெயிலும் இறங்கும்.

கூரைக்கு ஃபில்லர் ஸ்லாப் நல்லது. 5 அங்குலத் தளத்தில், கம்பிகளுக்கு நடுவே மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்துக் கான்கிரீட் போடுவது. ஓடுகளை முதல் நாளே தண்ணீரில் ஊறப்போட வேண்டும். காய்ந்த ஓடு சிமெண்ட் பாலை உறிஞ்சிவிடும், சென்ட்ரிங் பிரித்ததும் ஓடுகளைச் சுற்றி ஜல்லி தெரியும். ஆட்கள் ஓட்டின் மேல் நடக்காமல் பலகை போடச் சொல்லுங்கள். மேலே வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைக் கூல் டைல்ஸ். சுண்ணாம்பும் வேலை செய்யும், ஆனால் ஒவ்வொரு கோடைக்கு முன்னும் அடிக்க வேண்டும்.

சுவரெல்லாம் ரேட்-ட்ராப் கட்டு, அதாவது செங்கல்லைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்து, சுவருக்குள் குழி விட்டுக் கட்டுவது. செங்கல் கால்வாசி மிச்சம்.

தூக்குக்குண்டு:
மேலே சொன்னதில் இரண்டு திருத்தம்.

ஒன்று, 18 அடியில் இரு பக்கமும் 9 அங்குலச் சுவர் போனால் உள்ளே பதினாறரை அடி. அந்த அகலத்துக்கு 5 அங்குலத் தளம் தாங்காது, தொய்யும். பெரிய அறையின் நடுவில் வடக்கு-தெற்காக ஒரு பீம் கொடுத்து, தளத்தை எட்டு எட்டு அடியாகப் பிரியுங்கள். சுவரை ஒட்டிய ஓர் அடிக்கும் பீம் ஓரத்துக்கும் ஓடு வைக்காமல் முழுக் கான்கிரீட். கம்பிக் கணக்கைக் கட்டமைப்புப் பொறியாளரிடம்தான் வாங்க வேண்டும், கொத்தனார் மனக்கணக்கு போதாது.

இரண்டாவது இதைவிட முக்கியம். பக்கத்து வீட்டை ஒட்டிய சுவருக்கு ரேட்-ட்ராப் வேண்டாம். அந்தப் பக்கம் சாரம் கட்ட முடியாது, வெளிப்பூச்சும் முடியாது. இரண்டு சுவருக்கும் நடுவே ஒரு விரல் சந்துதான் இருக்கும். மழைத் தண்ணீர் அதில் இறங்கி, மூடாத ஒட்டு (செங்கல்களுக்கு நடுவே உள்ள இணைப்பு) வழியே உள் குழிக்குப் போய்த் தேங்கும். இரண்டு மழைக்காலத்தில் உள்பூச்சு பொரிந்து உதிரும். வடக்கு, தெற்கு இரண்டும் கெட்டிச் சுவராகவே கட்டுங்கள். ஒவ்வொரு வரி வைக்கும்போதும் வெளிப்பக்க ஒட்டை மேலிருந்தே கரண்டியால் அழுத்தி நிரப்ப வேண்டும். கைப்பிடிச் சுவர் உச்சியில் சந்தை மூட, உங்கள் பக்கம் சாய்கிற ஜிஐ தகடு. அதற்குப் பக்கத்து வீட்டாரின் சம்மதத்தை வேலை தொடங்கும் முன்பே வாங்கிவிடுங்கள்.

ரேட்-ட்ராப்பை மேற்கிலும் கிழக்கிலும் வையுங்கள், மேற்கு வெயிலுக்கு அந்தக் குழி உதவும். மின்குழாய் எங்கே போகும் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். பிறகு சுவரில் காடி (குழாய்க்கான பள்ளம்) வெட்டினால் குழி திறந்துகொள்ளும்.

மேற்கு வாசல்:
ரொம்ப நன்றி. சம்ப் எங்கே போடுவது? இந்தப் பகுதியில் நாலடியில் சுக்காம்பாறை தட்டும் என்கிறார்கள். சோலார் வைக்கலாமா?

கல்வாழை:
பாறையை உடைக்க வேண்டாம். சம்பை வீட்டுக்குள்ளேயே, சமையல் மூலைக்கு அடியில் வையுங்கள். பேஸ்மென்ட் 2 அடி உயர்த்துவீர்கள், தோண்டுவது மூன்றரை அடிதான். உள் அளவு 6-க்கு 6-க்கு 5 அடி என்றால் சுமார் 5,000 லிட்டர். பேஸ்மென்ட் நிரப்பும் முன்பே இது முடிய வேண்டும். பின்பக்க 3 அடிச் சந்தில் தோண்டினால் அஸ்திவாரம் பக்கத்தில் மண் சரியும்.

உங்கள் கூரை சுமார் 37 சதுர மீட்டர். 1 மி.மீ. மழைக்கு 37 லிட்டர், நல்ல 20 மி.மீ. மழைக்கு, சேதாரம் போக, 600 லிட்டருக்கு மேல் சேரும். முதல் 1 மி.மீ. கூரை அழுக்கு, அதை ஒதுக்குங்கள். 6 அங்குலப் பிவிசி குழாய் 2 மீட்டர் நிறுத்தினால் ஏறக்குறைய 35 லிட்டர் பிடிக்கும், அது நிரம்பிய பிறகுதான் தண்ணீர் சம்புக்குத் திரும்பும். அடியில் கசிவுத் துளையை மட்டும் நம்பாதீர்கள், இலைத்தூசி அடைத்துக்கொள்ளும். கழற்றக்கூடிய மூடி போடுங்கள். தளத்துக்கு 100-க்கு 1 சரிவு, 22 அடிக்கு மூன்று அங்குலம் போதும். போர் தண்ணீரை அதே சம்பில் கலக்காதீர்கள், உப்பு ஏறினால் மழைநீர் சேர்த்த பலனே போய்விடும்.

குளியல், துணி துவைத்த தண்ணீர் நாளைக்கு 200 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், முன்பக்க 5 அடியில் 2 மீட்டர் நீளம், 80 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழத்தில் கசியாத தொட்டி கட்டி, 20 மி.மீ. ஜல்லி நிரப்பிக் கல்வாழை நடுங்கள். தண்ணீர் உள்ளே இரண்டு நாள் தங்கும். வெளியே வருவதைக் கழிவறைக்கு ஊற்றலாம். கல்வாழை வளர்ந்தால் மேற்குச் சுவரின் கீழ்ப்பாதிக்கு நிழலும் கிடைக்கும். சமையல் தண்ணீரை விட வேண்டாம், எண்ணெய் ஜல்லியை அடைத்துவிடும். அதையும் கழிவறைக் கழிவையும் சாக்கடைக்கே விடுங்கள்.

சோலார் 1 கிலோவாட் போதும். பெரிய பலகை இரண்டே இரண்டு, தெற்கு நோக்கி 11, 12 பாகை சாய்வு. நாளுக்கு 4 யூனிட் வரும், பலகைக்கு அடியில் தளத்துக்கு நிழலும் விழும். பிஎல்டிசி விசிறி 30 வாட்டில் ஓடும், பழைய விசிறி 75 வாட் இழுக்கும். ஆனால் பக்கத்து மாடி வீட்டின் நிழல் காலை 9-லிருந்து 3 மணி வரை எங்கே விழுகிறது என்று டிசம்பரில் பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள். தெற்கு வீட்டு நிழல் அப்போதுதான் அதிகம் நீளும், ஒரு பலகையில் விழுந்தாலே இரண்டின் உற்பத்தியும் குறையலாம்.